கலப்பினமா, வேறொன்றா? ஒரு மஞ்சள் பூவுக்கு ஐந்து சோதனைகள்

தரிசு நிலமொன்றில் சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகள் இரண்டு வகை கலந்து பூத்திருக்கின்றன. நடுவில் ஒன்று மட்டும் எந்தப் பக்கமும் சேராமல் நிற்கிறது. இலை ஒரு வகையை நினைவூட்டுகிறது, பூ இன்னொன்றை. பார்த்தவுடன் "கலப்பினம்" என்ற சொல் நாவில் வந்துவிடும். அதை உறுதிசெய்ய ஐந்து வழிகள் இருக்கின்றன. கண்ணால் பார்த்து அளக்கலாம். மகரந்தத்தையும் விதையையும் சோதிக்கலாம். குரோமோசோம்களை எண்ணலாம். டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்பலாம். பொறுமை உள்ளவர்கள் சந்தேகிக்கும் பெற்றோரைக் கையால் இணைத்து, அதே செடி பிறக்கிறதா என்று காத்திருந்தும் பார்க்கலாம். உழைப்பில் இவை ஐந்தும் வேறுபடுகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். இவை விடை தரும் கேள்விகளே வெவ்வேறு என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

எந்தச் சோதனையைத் தேர்ந்தாலும், சந்தேகச் செடியை மட்டும் எடுத்துச் சோதித்தால் பாதி உழைப்பு வீண் என்பது என் உறுதியான கருத்து. கலப்பினம் என்று சொல்லும்போது மூன்று செடிகளைப் பற்றிப் பேசுகிறோம்: இது, இதன் தாய், இதன் தந்தை. அந்த இருவரின் மாதிரியும் கையில் இல்லையென்றால் எந்த ஆய்வகமும் நமக்கு முழு விடை தராது. ஆகவே களத்தில் முதல் வேலை, சுற்றியுள்ள அதே பேரினத்துச் செடிகளிலிருந்து ஒவ்வொரு வகைக்கும் நான்கைந்து மாதிரிகளைச் சேர்ப்பது. பெற்றோர் அருகில் காணப்படவில்லை என்றால் கலப்பினம் இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது. இந்தக் குடும்பத்தில் பல செடிகளின் விதைகளுக்கு மேலே பட்டிழைக் குஞ்சம் உண்டு. காற்று எங்கிருந்தும் கொண்டுவந்து போட்டிருக்கலாம்.

கலப்பினத்தைப் போல வேடமிடுபவை பல. நிழலில் வளர்ந்த செடியின் இலை அகன்று மெலிந்திருக்கும். ஒருமுறை வெட்டப்பட்டு மறுபடி தழைத்த செடியில் பூக்கள் சிறுத்திருக்கும். தத்துப்பூச்சிகள் பரப்பும் ஃபைட்டோபிளாஸ்மா என்ற பாக்டீரியா வகை நோய் கண்டால், பூத்தலையில் நெருங்கி நிற்கும் சிறுமலர்கள் பச்சையாகி இலைபோல் விரியும். முதன்முறை பார்ப்பவர் புதிய இனம் என்றே நம்பிவிடுவார். ஒற்றை மரபணு மாற்றம் போதும், பூவின் முகமே மாறிவிடும். சூரியகாந்தியில் ஒரு மரபணு தவறான இடத்தில் வேலைசெய்யத் தொடங்கினால் நடுவட்டத்துச் சிறுமலர்கள் எல்லாம் இதழ்போல் நீண்டு அடுக்குப்பூ ஆகிவிடும். அதே மரபணு செயலிழந்தால் ஓரத்துக் கதிர்கள், அதாவது இதழ்போல் நீண்ட சிறுமலர்கள், குழாய்களாகிவிடும். ஆகவே பூவின் வடிவம் ஒன்றில் மட்டும் வித்தியாசம் தெரிந்து, இலை, தண்டு, ரோமம், விதை எல்லாம் ஒரே இனத்தைக் காட்டினால் நான் கலப்பினத்தைக் கடைசியாகத்தான் சந்தேகிப்பேன். கலப்பு நடந்திருந்தால் அதன் தடம் செடி முழுவதும் இருக்க வேண்டும்.

இனி கண். இதற்குக் கருவி என்று பார்த்தால் கைலென்ஸ், பிளேடு, அளவுகோல் மூன்றும் போதும். பூ என்று நாம் சொல்வது உண்மையில் நூற்றுக்கணக்கான சிறுமலர்கள் நெருங்கி அமர்ந்த ஒரு தலைமஞ்சரி. அதைக் காம்போடு சேர்த்து மேலிருந்து கீழாகப் பிளேடால் இரண்டாகப் பிளந்து வையுங்கள். அடியில் பச்சைச் செதில்கள், ஓரத்தில் கதிர்ச் சிறுமலர்கள், நடுவில் வட்டுச் சிறுமலர்கள், சில பேரினங்களில் அவற்றுக்கு இடையே உமிபோன்ற சிறு செதில்கள், ஒவ்வொன்றின் அடியிலும் இளம் விதை. (தாவரவியல் கணக்குப்படி அது கனி, விதை என்றே எல்லோரும் சொல்வதால் நானும் அப்படியே சொல்கிறேன்.) நிறத்தையும் உயரத்தையும் நம்பி முடிவெடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். அடிச் செதில்களின் அகலம், அவற்றின் ரோமம், உமிச் செதிலின் நுனி ஆகியவை மண்ணுக்கும் மழைக்கும் அவ்வளவாக அசைந்துகொடுப்பதில்லை.

வட அமெரிக்கக் காட்டுச் சூரியகாந்திகளை எடுத்துக்கொள்வோம். ஹீலியாந்தஸ் ஆன்னுவஸுக்கு அகன்ற இலை; அடிச் செதில்கள் முட்டை வடிவில் அகன்று, சட்டென்று கூர்நுனியாகக் குறுகும். ஹீலியாந்தஸ் பெட்டியோலாரிஸுக்கு இலையும் ஒடுக்கம், செதில்களும் ஈட்டிபோல் ஒடுக்கம். வட்டின் நடுவே உள்ள உமிச் செதில்களின் நுனியில் வெள்ளை ரோமம் அடர்ந்து, தூரத்திலிருந்து பார்த்தாலே நடுவில் வெண்புள்ளி வைத்ததுபோல் தெரியும். இரண்டும் சந்திக்கும் இடங்களில் கலப்பினங்கள் உண்டாகின்றன. அவற்றில் அகன்ற செதிலும் வெள்ளைப் புள்ளியும் ஒரே தலையில் இருப்பதைக் காண முடியும்.

கண்ணளவுக்கு ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தவர் அமெரிக்கத் தாவரவியலாளர் எட்கர் ஆண்டர்சன். ஒரு பெற்றோரின் பண்புக்குப் பூஜ்யம், மற்றதன் பண்புக்கு உச்ச மதிப்பெண், இடைப்பட்டதற்கு நடு மதிப்பெண் என்று ஒவ்வொரு செடிக்கும் போட்டுக் கூட்டுவது அவருடைய கலப்பினக் குறியீட்டு முறை. பழைய முறைதான். ஆனாலும் இருபது செடிகளுக்கு இப்படி மதிப்பெண் போட்டுப் பார்த்தால், ஒரே ஒரு கலப்புச் செடி நிற்கிறதா, இரண்டு இனங்களும் தலைமுறை தலைமுறையாகக் கலந்து கிடக்கின்றனவா என்பது காகிதத்தில் தெரிந்துவிடும். வேறு எந்த மலிவான முறையும் இதைக் காட்டாது.

ஆனால் "கலப்பினம் என்றால் எல்லாவற்றிலும் நடுவாக இருக்கும்" என்ற நம்பிக்கையைக் கைவிட்டுவிட வேண்டும். தாவர ஆய்வாளர்கள் லோரன் ரீஸ்பெர்க்கும் நார்மன் எல்ஸ்ட்ராண்டும் 1993-ல் பல தாவரக் கலப்பினங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, முதல் தலைமுறையிலேயே 10 சதவீதத்துக்கு மேற்பட்ட பண்புகள் இரண்டு பெற்றோரையும் தாண்டியவையாகவோ முற்றிலும் புதியவையாகவோ இருந்தன. பிந்தைய தலைமுறைகளில் அது 30 சதவீதத்தைத் தாண்டியது. மீதியிலும் கணிசமான பகுதி அப்படியே ஒரு பெற்றோரை உரித்துவைத்த பண்புகள். ஆக, நடுவாக இல்லாத செடியையும் விலக்கிவிட முடியாது. கண் சந்தேகத்தை எழுப்பும். தீர்ப்புச் சொல்ல அதனால் தனியாக முடியாது.

அடுத்தது நான் மிகவும் மதிக்கும் சோதனை: மகரந்தம். ஒரு சாதாரண நுண்ணோக்கி கிடைத்தால் போதும், ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். வட்டுச் சிறுமலர்கள் வெளியிலிருந்து உள்நோக்கி வளையம் வளையமாகத் திறக்கும். அன்று காலை திறந்த வளையத்தில், குழாய்போல் ஒட்டியிருக்கும் மகரந்தப்பைகளின் வாயில் மஞ்சள் தூள் துருத்திக்கொண்டு நிற்கும். உள்ளிருந்து சூல்தண்டு உலக்கைபோல் அதை மேலே தள்ளியிருக்கும். ஊசி நுனியால் அந்தத் தூளை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுச் சாயத்தில் கலக்க வேண்டும். 1969-ல் வெளியான அலெக்சாண்டர் சாயம் இதற்கென்றே செய்யப்பட்டது: உள்ளே உயிர்ப்பொருள் நிறைந்த மணிகள் செம்மையாகவும், வெறும் கூடாகிப்போன மணிகள் பச்சையாகவும் தெரியும். அசிட்டோகார்மின் போன்ற எளிய சாயத்திலும் நிறைந்தவை சிவந்தும், வெற்றுமணிகள் நிறமின்றியும் இருக்கும்.

தூய இனத்தின் தகட்டைப் பார்த்தால் ஒரே அளவில், முள்முள்ளாக, நிறைந்து உருண்ட மணிகள் வரிசை வரிசையாகக் கிடக்கும். கலப்பினத் தகட்டில் சுருங்கிய மணிகள், மடிந்த மணிகள், இரண்டு மடங்கு பெருத்த மணிகள் எல்லாம் கலந்து கிடக்கும். அந்த வேறுபாட்டை ஒருமுறை நேரில் பார்த்தவருக்கு விளக்கமே தேவைப்படாது. குறைந்தது இருநூறு மணிகளையாவது எண்ணிச் சதவீதம் போடுங்கள். பெற்றோர் இருவருக்கும் அதே நாளில், அதே சாயத்தில் எண்ணுங்கள்.

விதையை நகங்களுக்கிடையே அழுத்தி நிறைந்ததா, பதரா என்று பார்ப்பது இன்னும் எளிது. ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் பல இனங்கள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காதவை. அப்படிப்பட்ட தூய இனச் செடி தனித்து நின்றால், கலப்பு ஏதும் இல்லாமலேயே தலை முழுக்கப் பதராகத்தான் இருக்கும். காட்டுச் சூரியகாந்தியும் அத்தகையதே. தன் விதைக்குத் துணை தேட வேண்டிய செடிக்கு, தன் மகரந்தத்தை நிறைவாக உருவாக்கத் துணை தேவையில்லை. எனவே விதையும் மகரந்தமும் முரண்பட்டால் மகரந்தத்தின் பக்கமே நிற்பேன்.

மகரந்தமும் தவறு செய்யும் இடம் உண்டு. இதே குடும்பத்துக் காட்டுப்பூவான டான்டிலையன்களில் பெரும்பாலானவை கருவுறாமலேயே விதை வைப்பவை. அவற்றின் மும்மடிய (இரண்டுக்குப் பதில் மூன்று குரோமோசோம் தொகுதி கொண்ட) வகைகளில் மகரந்தம் கண்டபடி சிதைந்திருக்கும், விதையோ தலை நிறைய விளைந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு நேற்றுப் பிறந்த கலப்பினம் என்று எழுதினால் பிழை. கடும் வெயிலில் வாடிய செடியிலும் மகரந்தம் கெடும். இதன் மறுபக்கமும் உண்டு: நெருங்கிய உறவுள்ள இனங்களின் கலப்பினம் நல்ல மகரந்தமே தரக்கூடும். ஆக, கெட்ட மகரந்தம் வலுவான சாட்சி, நல்ல மகரந்தம் வலுவற்ற மறுப்பு.

குரோமோசோம் எண்ணிக்கை வெட்டு ஒன்று துண்டு இரண்டாக விடை தரும் இடங்களும் உண்டு, வாயே திறக்காத இடங்களும் உண்டு. எங்கே எது என்பதை முன்கூட்டியே அறிய முடியும் என்பதுதான் இதன் அழகு.

இதே குடும்பத்துப் பேரினமான செனிசியோவின் பிரிட்டன் செடிகள் இதற்கு ஈடில்லாத பாடம். சிசிலியின் எட்னா எரிமலைச் சரிவில் இரண்டு இனங்கள் கலந்ததில் தோன்றிய செடிகள் ஆக்ஸ்ஃபோர்டு தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டன. அங்கிருந்து தப்பி, ரயில் பாதைச் சரளைக் கற்களையே எட்னாவின் எரிமலைத் துகள்களாகப் பாவித்து நாடெங்கும் பரவியது செனிசியோ ஸ்குவாலிடஸ். அதற்கு 20 குரோமோசோம்கள். அந்த மண்ணின் சாதாரணக் களையான செனிசியோ வல்காரிஸுக்கு 40. அதன் தலையில் கதிர்கள் கிடையாது. இரண்டும் சந்தித்தால் பிறப்பது 30 குரோமோசோம் கொண்ட மலட்டுச் செடி, செனிசியோ பாக்ஸ்டெரி. அந்த 30 இரட்டித்து 60 ஆனபோது விதை வைக்கும் புதிய இனமே பிறந்துவிட்டது. அதுதான் செனிசியோ கேம்ப்ரென்சிஸ், வேல்ஸில் 1948-ல் கண்டுபிடிக்கப்பட்டது. களத்தில் குட்டைக் கதிர்களோடு நிற்கும் ஒரு செடி இவற்றில் எது? 30 என்றால் நேரடிக் கலப்பினம், 60 என்றால் கேம்ப்ரென்சிஸ். மகரந்தம்கூட இங்கே உதவும்: வல்காரிஸின் மணிகளில் வழக்கமாக மூன்று துளைகள், கேம்ப்ரென்சிஸின் மணிகளில் பெரும்பாலும் நான்கு.

எண் 40 என்று வந்தால்தான் சிக்கல். ஸ்குவாலிடஸிலிருந்து கதிர் தரும் மரபணுப் பகுதி மட்டும் கலப்பின் வழியே வல்காரிஸுக்குள் நுழைந்து, மற்றபடி எல்லா வகையிலும் வல்காரிஸாகவே இருக்கும் கதிருள்ள வகை ஒன்று உண்டு. யார்க் நகரில் 1979-ல் கண்டறியப்பட்ட செனிசியோ எபோராசென்சிஸ் என்ற கலப்பினத் தோற்ற இனம் மற்றொன்று. இரண்டுக்கும் 40, வல்காரிஸுக்கும் 40. இங்கே எண்ணிக்கை ஊமையாகிவிடுகிறது. வடிவத்தையும் டிஎன்ஏ-வையும்தான் கேட்க வேண்டும்.

சூரியகாந்திகளில் இந்த ஊமைத்தனம் இன்னும் முழுமையானது. ஆன்னுவஸ், பெட்டியோலாரிஸ் இரண்டுக்கும் 34. அவை கலந்து பிறந்து தனி இனங்களாகிவிட்ட மூன்று: மணல்மேடுகளில் அனோமலஸ், வறண்ட பாலைத் தரையில் டெசர்டிகோலா, உவர்ச் சதுப்பில் பாரடாக்சஸ். மூன்றுக்கும் அதே 34. பெற்றோர் இருவருக்கும் ஒரே எண் என்று தெரிந்திருந்தால், கலப்பா என்று கேட்க வேர்நுனியை நசுக்கிக் குரோமோசோம் எண்ணப் போவதில் பயனில்லை. எண்கள் வேறு என்றால், முடிந்தவர்கள் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்குப் போகலாம். புது இலைத் துண்டு ஒன்றில் உள்ள டிஎன்ஏ அளவை ஒப்பிட்டு, மும்மடியமா நான்மடியமா என்பதை எண்ணாமலேயே சொல்லிவிடும்.

டிஎன்ஏ பரிசோதனையே இறுதி வார்த்தை என்று நினைப்பவர்கள் அதிகம். சரியாகக் கேட்டால் அது உண்மை. தவறாகக் கேட்டால் இதைவிடப் பெரிய குழப்பம் வேறில்லை. வழக்கமாகப் படிக்கப்படுவது பசுங்கணிகத்தின், அதாவது இலைக்குப் பச்சை நிறம் தரும் செல் உறுப்பின், டிஎன்ஏ-வில் ஒரு பகுதி. பூக்கும் தாவரங்களில் பெரும்பாலானவற்றில் பசுங்கணிகம் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. எனவே கலப்பினத்தை அனுப்பினால் "முழுப் பொருத்தம்" என்று தாயின் பெயர் அச்சாகி வரும். அதைப் பார்த்துவிட்டு, தூய இனம்தான் என்று சந்தேகத்தையே மூடிவிட்டால், நல்ல கண்டுபிடிப்பு ஒன்று கையை விட்டுப் போகும்.

அதே தாய்வழித் தன்மை சரியான இடத்தில் பொக்கிஷம். ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த, இதே குடும்பத்து டிராகோபோகன் பேரினத்தின் இனங்கள் மூன்றில் டூபியஸும் பிராடென்சிஸும் கலந்து பிறந்தது மிசெல்லஸ். டூபியஸும் ஊதாப் பூ பூக்கும் போரிஃபோலியஸும் கலந்து பிறந்தது மைரஸ். வாஷிங்டன், ஐடஹோ மாநிலங்களின் எல்லைப் பகுதியில் இவை தோன்றியிருப்பதைத் தாவரவியலாளர் மேரியன் ஓன்பி 1950-ல் விவரித்தார். பெற்றோருக்கு 12 குரோமோசோம், இந்தப் புதிய இனங்களுக்கு 24. இவர்களின் நேரடிக் கலப்பினமோ 12-லேயே நிற்கும் மலடு. மிசெல்லஸுக்கு இரண்டு முகங்கள் உண்டு. பிராடென்சிஸ் தாயாக இருந்தால் கதிர்கள் குட்டை, அடிச் செதில்கள் அவற்றைத் தாண்டி நட்சத்திரம்போல் நீட்டிக்கொண்டிருக்கும். டூபியஸ் தாயாக இருந்தால் கதிர்கள் நீளம். புல்மன் நகரில் உள்ளவை நீளக் கதிர் வகை. ஒரே பெற்றோர், ஒரே பெயர். யார் தாய் என்பதைப் பசுங்கணிகம் சொன்ன பிறகுதான் அந்த இரண்டு முகங்களின் காரணம் உறுதிப்பட்டது.

ஆகவே ஆய்வகத்திடம் இரண்டைக் கேட்க வேண்டும்: பசுங்கணிகப் பகுதி ஒன்று, உட்கருப் பகுதி ஒன்று. உட்கருவில் வழக்கமாகத் தேர்வது ஐடிஎஸ் (ITS) எனப்படும் டிஎன்ஏ பகுதி. பெற்றோர் வேறுபடும் இடங்களில் முதல் தலைமுறைக் கலப்பினத்தின் வரைபடத்தில் ஒரே இடத்தில் இரண்டு நிறச் சிகரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும். அதைக் "தரம் குறைந்த வாசிப்பு" என்று மென்பொருள் ஒதுக்கிவிடக்கூடும் என்பதால் மூல வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். தலைமுறைகள் கடந்த கலப்பினங்களில் ஐடிஎஸ் ஒரு பெற்றோரின் வடிவுக்கே சீராகிவிடுவதும் உண்டு. அத்தகைய சந்தேகத்துக்கு மரபணுத்தொகுதி முழுவதிலிருந்தும் பல குறிகள் வேண்டும். அது தனி ஒருவர் போகும் வழியல்ல, ஆய்வுக் குழுவோடு சேர்ந்து போகும் வழி.

கையால் இணைத்துப் பார்ப்பது மிகப் பழைய வழி. டிராகோபோகன் பிராடென்சிஸின் மகரந்தத்தைத் தேய்த்து நீக்கி, போரிஃபோலியஸின் மகரந்தத்தைத் தூவி, அடி மஞ்சளாகவும் மேல் ஊதாவாகவும் பூத்த கலப்பினத்தை உண்டாக்கிக் காட்டினார் லின்னேயஸ். 1760-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகம் அவருக்குப் பரிசளித்தது. ரீஸ்பெர்க் குழு சூரியகாந்திகளைப் பசுமைக்குடிலில் இணைத்து, சில தலைமுறைக்குள் அனோமலஸின் மரபணு அமைப்பை ஒத்த கலப்பு வரிசைகளை உண்டாக்கியது. இதைவிட அழுத்தமான சான்று இல்லை. ஆனால் "இப்படி நடக்கக்கூடும்" என்பதை அது நிரூபிக்கிறது; உங்கள் தரிசு நிலத்துச் செடிக்கு அப்படித்தான் நடந்தது என்பதை நிரூபிக்க வேறு சாட்சியும் வேண்டும். ஒரு பருவத்தில் தீர்ப்பு வேண்டுமென்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தேர்வு எப்படி அமைய வேண்டும் என்று கேட்டால், பெற்றோர் இனங்களின் குரோமோசோம் எண்ணை முதலில் தேடுங்கள் என்பேன். பெரும்பாலான காட்டுப் பூக்களுக்கு அது வெளியாகியிருக்கிறது. எண்கள் வேறு என்றால் கண்ணளவு, மகரந்தம், அதன்பின் குரோமோசோம். பெரும்பாலும் டிஎன்ஏ தேவையே இராது. எண்கள் ஒன்று என்றால் கண்ணளவு, மகரந்தம், பிறகு நேராக இரட்டை டிஎன்ஏ. வெளிநாட்டிலிருந்து வந்து பரவும் இனம் உள்ளூர் இனத்தோடு கலந்த சந்தேகம் என்றால் டிஎன்ஏ-வைத் தள்ளிப்போடாதீர்கள், எண்கள் எப்படியிருந்தாலும். ஐரோப்பாவில் வட அமெரிக்கக் கோல்டன்ராடு உள்ளூர்க் கோல்டன்ராடோடு கலந்த செடிகள் இருக்கின்றன. தென் சீனாவில் அமெரிக்கக் கொடியொன்று நம் மஞ்சள் கரிசலாங்கண்ணியோடு கலந்திருக்கிறது. அங்கே விடை பெயர் சூட்டலோடு நின்றுவிடாது. எதைப் பிடுங்குவது, எதைக் காப்பது என்பதும் அதைப் பொறுத்தது.

கண்ணளவோடு நிறுத்த வேண்டிய நிலை வந்தால் உலர் மாதிரியின் சீட்டில் இரண்டு பெற்றோரின் பெயர்களையும் எழுதி, நடுவில் பெருக்கல் குறியும் கடைசியில் கேள்விக்குறியும் இடுங்கள். எந்தெந்தப் பண்பு யாருடையது, மகரந்த மணிகளில் எத்தனை நிறைந்தவை, பெற்றோர் எவ்வளவு தொலைவில் நின்றன என்பதையும் சேருங்கள். சீட்டோடு ஓர் உறையில் சிலிக்கா ஜெல்லில் உலர்த்திய இலைத் துண்டை வையுங்கள். பின்னாளில் வருபவர் அதிலிருந்து டிஎன்ஏ எடுப்பார். நிறைந்த விதை கிடைத்தால் தனி உறையில் அதையும் வையுங்கள். யார்க்கில் கண்டறியப்பட்ட அந்த செனிசியோ எபோராசென்சிஸ் சில ஆண்டுகளில் அந்த மண்ணிலிருந்தே மறைந்துவிட்டது. ஆனால் விதைகள் விதை வங்கியில் இருந்தன. அவை மீண்டும் முளைக்கவைக்கப்பட்டு, 2023-ல் அந்தச் செடி யார்க்கில் மறுபடி பூத்தது.